எத்திராஜின் மூன்றாவது மேல்முறையீடு

ஜனவரி 4, புதன்

உரக்கடைக்காரர் வருடாவருடம் கொடுக்கும் டைரி இந்த முறை மெலிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனுக்கு எல்லா நாளும் ஞாயிறுதான், முழுப் பக்கம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

முதல் பக்கத்தில் சொந்த விவரம் கேட்டிருக்கிறது. பெயர் ஜெயவேலு. வயது ஐம்பத்து மூன்று. இருபத்தெட்டு வருடம் பட்டாளத்தில் கிளார்க் வேலை பார்த்து, சுபேதாராக வெளியே வந்தவன். இப்போது குடியாத்தத்தில் எந்த முன்னாள் ராணுவத்தானுக்கு ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டாலும், மேல்முறையீடு எழுத என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். முடிவு வந்தது பதினேழு, அதில் பதினான்கு ஜெயித்தது. இதையெல்லாம் எழுத அந்தக் கட்டத்தில் இடம் இல்லை.

தோற்ற மூன்றில் இரண்டு எத்திராஜுடையது. அவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2001-இல் நாங்கள் ஒரே கம்பெனியில் மலை மேல் முகாமில் இருந்தபோது பனியில் போனது. ஆறு வருட சர்வீஸோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஓய்வூதியம் இல்லை. முதல் மேல்முறையீடு தள்ளுபடி. இரண்டாவதும் தள்ளுபடி. இரண்டு கடிதத்திலும் ஒரே வாக்கியம்: 'இந்த ஊனம் ராணுவப் பணியால் விளைந்ததல்ல; பணியால் மோசமடைந்ததுமல்ல.' இப்போது சென்னையில் ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறோம். வக்கீல் பர்வீனுக்கு முப்பது வயது இருக்கும். பணிவாகப் பேசுகிறார், ஆனால் விடாமல் கேள்வி கேட்கிறார். 2001-இல் நடந்த விசாரணையின் காகிதங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்றார். நான்தான் மனு எழுதிப் போட்டேன். பதில் என் முகவரிக்கு வரும்.

அந்தக் காகிதம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பனியில் போன கால். இதற்கு மேல் என்ன விசாரணை?

ஜனவரி 9, திங்கள்

போர்வெல் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் நாளை வருவதாக மூன்றாவது நாளாகச் சொல்கிறான்.

ஜனவரி 17, செவ்வாய்

காணும் பொங்கல். எத்திராஜும் அவன் மனைவி அமுலுவும் வந்திருந்தார்கள். கௌசல்யாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. எங்கள் மகள் ஹேமாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் இடத்தில் எத்திராஜ் மடியில்தான் உட்காரவைத்தோம். அதனால் கௌசல்யா அமுலுவுக்கு 'அண்ணி'. இரண்டு பேரும் சமையலறைக்குப் போனால் வெளியே வருவதில்லை.

வக்கீல் அனுப்பியிருந்த நான்கு பத்திரங்களில் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி வைப்பது என் வழக்கம். எல்லா ராணுவ கிளார்க்கும் அப்படித்தான். சிப்பாய் குறியைத் தேடுவான், போடுவான், போவான். எத்திராஜும் மடமடவென்று போட்டான்.

"இன்னா எழுதியிருக்குதுன்னு ஒரு தடவ பாருடா" என்றேன்.

"நீ எழுதனதுல நான் இன்னாண்ணா பாக்கறது? இங்கிலீஷு எனக்குப் படம் மாதிரி."

"இந்தத் தடவையும் போயிடுச்சுன்னா?"

"போனா போவட்டும். எனுக்குக் காசு கூடப் பெருசில்லண்ணா. 'பணியால் விளைந்ததல்ல'ன்னு போடறானுங்க பாரு, அதான். நான் இன்னா காலு மேல லாரி ஏத்திக்கினா போய் நின்னேன்? அத மட்டும் அடிச்சிட்டு குடுத்தா போதும்."

அமுலு ஒரு டப்பாவில் அதிரசம் வைத்துவிட்டுப் போனாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கௌசல்யாவுக்குத்தான்.

பிப்ரவரி 2, வியாழன்

வக்கீல் போன் செய்தார். எத்திராஜை நேரில் பார்க்க வேண்டுமாம்.

"எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்கம்மா, அவனுக்கு அலைச்சல் ஆகாது" என்றேன்.

"ரெண்டு அப்பீலும் படிச்சேன் சார். இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு. பதினோரு பக்கம் குளிர், உயரம், ஆக்ஸிஜன் எல்லாம் இருக்கு. அவர் அன்னைக்கு எதுக்காக முகாமை விட்டு வெளிய போனார்ங்கறது மட்டும் இல்லையே. யார் அனுப்பினாங்க?"

சிக்னல் சரியில்லை. பிறகு பேசுவதாகச் சொன்னேன்.

பிப்ரவரி 6, திங்கள்

தபால் ஏதும் இல்லை.

பிப்ரவரி 7, செவ்வாய்

மோட்டார் சரியானது. தபால் ஏதும் இல்லை.

பிப்ரவரி 8, புதன்

தபால் ஏதும் இல்லை. வக்கீல் கேட்டதற்கும் அதையே சொன்னேன். காலையிலும் மாலையிலும் ஆற்றுப்பாலம் வரை நடந்து வந்தேன். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

பிப்ரவரி 9, வியாழன்

ஹேமாவின் பிறந்தநாள். இருபத்திரண்டு முடிந்தது. நாங்கள் பெங்களூருக்குப் போன் செய்வதற்குள் எத்திராஜ் மாமா ஆறு மணிக்கே கூப்பிட்டு வாழ்த்திவிட்டாராம்.

பிப்ரவரி 11, சனி

கௌசல்யா பீரோவை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஆரம்பித்தாள். யார் அவளை ஒழுங்குபடுத்தச் சொன்னது?

"இன்னாங்க, இந்த ரெஜிஸ்தர் கவரு என் சேலைக்கு அடியில இருக்குது? ஆறாம் தேதி போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கினு குடுத்ததுதான இது?"

"அது வருமான வரி சமாச்சாரம்."

"வருமான வரிக்குச் சேலை எதுக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கவரை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். உள்ளே நான்கு தாள்தான். எதற்கு இவ்வளவு பெரிய கவர் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 21, செவ்வாய்

பீரங்கிப் படை மகிமைதாஸின் மேல்முறையீடு ஜெயித்துவிட்டது. செவிட்டுக் காதுக்கு ஊனச் சதவீதம் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதிய பதினெட்டாவது. மாலையும் லட்டுமாக வந்துவிட்டார். காது கேட்காததால் நன்றியையும் கத்தித்தான் சொன்னார். தெரு முழுக்க வந்து எட்டிப் பார்த்தது.

எத்திராஜ் கடையை அடைத்துவிட்டு வந்து கைதட்டினான். தாலுகா ஆபீஸ் எதிரில் அவனுக்கு ஜெராக்ஸ் கடை. அந்தக் கால்தான் மழை நாளில் வலிக்கிறது என்பான், இல்லாத கால். "அடுத்தது நம்மளுதுதாண்ணா" என்று லட்டைப் பிட்டு என் வாயில் வைத்தான். சர்க்கரை என்று தட்டிவிட்டேன். தரையில் விழுந்துவிட்டது. அவன் குனிந்து பொறுக்கப் போனான், சிரமப்பட்டான், கௌசல்யா ஓடிவந்து எடுத்தாள். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

மார்ச் 2, வியாழன்

வக்கீல் சனிக்கிழமை குடியாத்தத்துக்கே வருகிறாராம். ஏதோ கல்யாணமாம், அப்படியே எத்திராஜைப் பார்த்துவிடுவாராம். நான் எத்திராஜ் திருப்பதி போயிருப்பதாகச் சொன்னேன். எப்போது வருவார் என்றார். தெரியாது என்றேன். போனை வைத்த பிறகுதான் கடைப் பலகையில் அவனுடைய நம்பர் பெரிதாக எழுதியிருப்பது ஞாபகம் வந்தது.

மார்ச் 3, வெள்ளி

எழுதிவிடுகிறேன். கௌசல்யா கடைக்குப் போயிருக்கிறாள், வர ஒரு மணி நேரம் ஆகும்.

2001 பிப்ரவரி. கௌசல்யாவுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று கடைசிக் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. குழந்தை பிறந்ததா, தாய் பிழைத்தாளா, ஒன்றும் தெரியாது. முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை, அதனால் எனக்குப் பைத்தியம் பிடித்தது போல் இருந்தது. கீழ்முகாமிலிருந்து தபால் பை புதனும் சனியும் வரும். கயிறு கட்டிய நான்கு பேர் போய்த்தான் கொண்டு வருவார்கள். தனி ஆள் போகக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

புதன்கிழமை பனி கொட்டியதால் யாரும் போகவில்லை. வியாழக்கிழமை, பதினைந்தாம் தேதி, வெயில் அடித்தது. எத்திராஜ் நம் ஊர்ப் பையன், ஒல்லியாக, ஆடு மாதிரி ஏறுவான். "ஓடிப் போய்ப் பையை எடுத்துட்டு வந்துடுடா" என்றேன். நான் ஹவில்தார், அவன் சிப்பாய். "இதோ வந்துட்டண்ணா" என்று பதினோரு மணிக்குக் கிளம்பினான். வெளியே போகிறவர்களின் பெயரை எழுதும் பதிவேடு என் மேசையில்தான் இருந்தது. எழுதவில்லை. எழுதினால் தனி ஆளை அனுப்பியது தெரிந்துவிடும்.

திரும்பும் வழியில் பனி சரிந்து ஓடைக்குள் விழுந்துவிட்டான். மறுநாள் காலையில் தூக்கி வந்தோம். தபால் பை தோளிலேயே இருந்தது.

விசாரணையில் என் வாக்குமூலம்: 'சிப்பாய் எத்திராஜ் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது.' அவனுடைய வாக்குமூலத்தையும் நான்தான் டைப் செய்தேன்: 'நான் யாரிடமும் சொல்லாமல், சொந்த வேலையாகப் போனேன்.' பை அவனிடம் ஏன் இருந்தது என்று கேட்டதற்கும் பதில் எழுதினேன், கீழே போனவன் திரும்பும்போது தானாக வாங்கி வந்தான் என்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ப் பென்சில் குறி போட்டு நீட்டினேன். காய்ச்சலில் கை நடுங்கியது. பேனாவைப் பிடிக்க நான் உதவினேன்.

அந்த நான்கு தாள்தான் இழுப்பறையில் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு இரண்டு மேல்முறையீடு எழுதினேன், பதினோரு பக்கம் குளிரைப் பற்றி. எழுதும்போது உண்மையாகவே ஜெயிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

மார்ச் 4, சனி

வக்கீல் வருவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று பத்து மணிக்குக் கவரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பட்டா நகல் எடுக்க இரண்டு பேர் நின்றார்கள். எத்திராஜ் என் கையிலிருந்து தாளை வாங்கி, வழக்கம் போலக் கேள்வி கேட்காமல் மெஷினில் வைத்தான்.

"எத்தினி காப்பிண்ணா?"

"ரெண்டு."

பச்சை வெளிச்சம் அவன் வாக்குமூலத்தின் மேல் போய்த் திரும்பியது. அவன் கையெழுத்தை அவனே பார்த்துவிட்டு, "அட, என் கையெழுத்து. இன்னா கோணலு பாரு" என்றான்.

ஆட்கள் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். என் வாக்குமூலத்தையும் படித்தேன். அழுதுவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் ஜெராக்ஸ் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து அழுவது என்ன லட்சணம். அவன் தாள்களை ஸ்டேப்ளர் அடித்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இது தெரிஞ்சா உன் வேல போயிருக்குமாண்ணா அப்ப?"

"கோர்ட் மார்ஷல் வந்திருக்கும்."

"அண்ணிக்கு அப்பதான் கொழந்த பொறந்திருந்தது."

"ஆமாம்."

ஸ்டேப்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பயந்துட்ட. உடுண்ணா" என்றான். "நான்னா மட்டும் இன்னா பண்ணியிருப்பேன்? இப்ப சொன்ன இல்ல, அது போதும். வக்கீலு கிட்ட சொல்லி எழுதிக் குடு." டீ வாங்கி வரச் சொன்னான். குடித்தோம். தோள் மேல் கை போட்டான். கவரை வக்கீலிடம் கொடுக்கச் சொல்லி அவனிடமே விட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கௌசல்யாவிடமும் சொன்னேன். "ஹேமா பொறந்த சேதிக்கா?" என்று ஒன்றுதான் கேட்டாள். மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. எனக்கு இருபது வருடத்துக்குப் பிறகு பசித்தது, நன்றாகவே சாப்பிட்டேன்.

மார்ச் 13, திங்கள்

வேலூரில் நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் கொடுத்தேன். 'தபால் எடுத்துவர நான்தான் உத்தரவிட்டேன். எத்திராஜ் பணியில் இருந்தார்.' வக்கீல் கடிந்துகொள்ளவில்லை, ஆனால் முன் போலச் சிரித்தும் பேசவில்லை. "உங்க பென்ஷனுக்கு ஏதாவது பிரச்சினை வரலாம், யோசிச்சிட்டீங்களா சார்?" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். அவருடைய குமாஸ்தா கையெழுத்துக்கான இடத்தில் பென்சில் குறி போட்டிருந்தார். முழுவதும் படித்த பிறகே போட்டேன்.

ஏப்ரல் 19, புதன்

வாய்தா. வெயில் தாங்கவில்லை. எத்திராஜ் தர்பூசணி வாங்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். எல்லாம் சரியாகிவிட்டது. சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தூக்கத்திலிருந்து விடியுமுன்பே எழுந்து, நடக்கக் கிளம்பிவிடுகிறேன்.

மே 30, செவ்வாய்

தீர்ப்பாயத்தில் வழக்கமாகப் பிரமாணப் பத்திரத்தோடு சரியாம், சாட்சியைக் கூப்பிடுவதில்லையாம். எனக்கு மட்டும் நேரில் வரச் சொல்லி உத்தரவு. ஜூன் 21.

ஜூன் 21, புதன்

காலை ரயிலில் நான், எத்திராஜ், அமுலு கட்டிக்கொடுத்த புளிசாதம். அவன் வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரி இருந்தான். வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தான்.

நீதிபதிகள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி. அவர் தமிழர்தான், என்னைத் தமிழிலேயே கேட்டார். இருபத்திரண்டு வருடம் ஏன் சொல்லவில்லை என்றார். பயம் ஐயா என்றேன். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் தாளைத் திருப்பினார்.

"பதினோரு மணிக்குக் கிளம்பியிருக்கார். போய் வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு மணி நேரம் ஐயா."

"அப்ப மூணு மணிக்கு வந்திருக்கணும். தேடுதல் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் தொடங்கியிருக்கு. அவர் வெளியே போனது உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். வரலைன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் இந்த டைரியில் எழுதவில்லை. கீழ்முகாமிலேயே தங்கிவிட்டான் என்று நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் தங்கவில்லை என்று எனக்குத் தெரியும். மூன்றரைக்குக் கீழ்முகாமை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, வேறு ஏதோ கேட்பது போல விசாரித்தேன். உன் ஆள் ஒரு மணிக்கே கிளம்பிவிட்டானே என்றார்கள்.

"நாலு மணிக்குள்ள தெரியும் ஐயா" என்றேன்.

"தெரிஞ்சும்?"

"சொன்னா நான் அனுப்பினது தெரிஞ்சிடும். எப்படியும் வந்துடுவான்னு இருந்தேன். அப்புறம் இருட்டிடுச்சு. காலையில ரோல் கால்ல ஆள் இல்லைன்னு மத்தவங்க சொன்னப்பதான் நானும் சேர்ந்து தேடினேன்."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. நான் திரும்பவில்லை. வக்கீல் வேகமாக எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

சென்ட்ரலில் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். எத்திராஜ் வாங்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நாலு மணிக்கேவாண்ணா?"

"ஆமாம்டா."

"நாலு மணிக்கு எனுக்கு நெனவு நல்லா இருந்துச்சு. வெளிச்சம் இருந்துச்சு. காலு வலிச்சிக்கினுதான் இருந்தது, அப்ப மரத்துப் போவல." குனிந்து செயற்கைக் காலின் பட்டையை இறுக்கினான். "உன் பேரச் சொல்லித்தான் கூப்டுக்கினு இருந்தேன். வேற யாருக்கும் நான் போனது தெரியாதே."

ரயிலில் அவன் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான். குடியாத்தம் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் முன் சீட்டில் உட்கார்ந்து போய்விட்டான். புளிசாதத்தை என்ன செய்வது என்று தெரியாமல் வீடு வரைக்கும் தூக்கி வந்தேன்.

ஜூன் 26, திங்கள்

கடை திறந்திருந்தது. ஒரு ஆதார் கார்டு நகல் எடுக்கப் போனேன். எத்திராஜ் எடுத்துக் கொடுத்தான். "வேற எதுனா இருக்குதுங்களா சார்?" என்றான்.

ஜூலை 3, திங்கள்

கௌசல்யா அவர்கள் வீட்டுக்குப் போய்வந்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "அமுலு காப்பி குடுத்தா, குடிச்சேன்" என்றாள்.

ஜூலை 8, சனி

கே.வி.குப்பத்திலிருந்து ஒருவர் மேல்முறையீடு எழுதக் கேட்டு வந்தார். முதுகுத்தண்டு. உடம்பு சரியில்லை என்று அனுப்பிவிட்டேன்.

ஜூலை 19, புதன்

பதினொன்றரைக்கு வக்கீல் போன். மேல்முறையீடு அனுமதிக்கப்பட்டது. உத்தரவை அவரே தமிழில் சொன்னார். எத்திராஜ் மேலதிகாரியின் உத்தரவின் பேரில் பணியில் இருந்தார். தகவல் தெரிந்தும் தேடாமல் விட்டதால் கால் இழக்க நேரிட்டது. ஆகவே ஊனம் ராணுவப் பணியால் விளைந்ததே. 'விளைந்ததே' என்று இரண்டு முறை சொல்லச் சொன்னேன்.

"உங்க சாட்சிதான் சார் ஜெயிக்க வெச்சது. அந்த நாலு மணி பதில் இல்லைன்னா சந்தேகம்தான்" என்றார். "அவருக்குப் போன் போட்டேன், எடுக்கல. நீங்க சொல்லிடறீங்களா?"

செருப்பு கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். கடை பூட்டியிருந்தது. வீட்டுக்குப் போனேன். அமுலுதான் கதவைத் திறந்தாள். முழுவதும் திறக்கவில்லை, ஒரு கதவை மட்டும்.

"எத்திராஜ் இல்லியாம்மா?"

"அவரு ஊர்ல இல்லீங்கண்ணா. ஆம்பூர் போயிருக்காரு."

அவளுக்குப் பின்னால், சுவரோரம் அவனுடைய செயற்கைக் கால் சாய்த்து வைத்திருந்தது. பாதத்தில் செருப்பும் மாட்டியிருந்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் குறைந்தது. நான் காலைப் பார்த்ததை அமுலுவும் பார்த்துவிட்டாள். நகர்ந்து மறைக்க அவள் முயலவில்லை. அப்படியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரிம்மா. வந்தா சொல்லு. கேஸு ஜெயிச்சிட்டோம்... ஜெயிச்சிட்டான். பணியால் விளைந்ததேன்னு போட்டுட்டாங்க." கடைசி வார்த்தைகளை உள்ளே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றேன். டிவியையும் அணைத்துவிட்டார்கள்.

"சொல்றங்கண்ணா" என்று அமுலு கதவைச் சாத்தினாள்.

வெயிலில் நடந்தே வந்தேன். கௌசல்யா வாசலிலேயே காத்திருந்தாள். எத்திராஜ் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

ஊரில் இல்லையாம் என்றேன்.